பருந்து வர்ற நாள மழை ஆப்ல கண்டுபுடிக்கலாமா?

போன இதழ்ல போர்ட்டிக்சன் பக்கத்துல தஞ்சோங் துவான் முனையில இருக்குற கலங்கரை விளக்கத்துக்கு மேல பருந்துங்க வட்டமடிக்கிற படம் ஒன்னு போட்டிருந்தோம். அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விதான், எந்த நாள் போனா பாக்கலாம், வானிலை பாத்து முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு. சரி, இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: மார்ச் கடைசியில பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு தஞ்சோங் துவான் போலாம்னு இருக்கோம். ஆப்ல பாத்தா எல்லா நாளும் இடி மின்னல் படமாவே இருக்கு. வேற வாரம் மாத்திரலாமா அண்ணே?
- வாசகி, செராஸ்

பதில்: வாரத்த மாத்த வேணாம் தங்கச்சி, ஆப்ல பாக்குற ஊர மாத்துங்க. நீங்க கோலாலம்பூருக்கோ போர்ட்டிக்சனுக்கோ வானிலை பாக்குறீங்க, ஆனா பருந்து கெளம்புறது அங்கேருந்து இல்லையே. பிப்ரவரி கடைசியிலேருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் வடக்க திரும்புற தேன்பருந்துங்க சுமத்ரா பக்கத்துலேருந்து வருது, கடைசியா அதுங்க காலுக்குக் கீழ இருக்குற தரை ரூப்பாட் தீவு, அங்கேருந்து நம்ம முனைக்கு கடல் சுமார் 38 கிலோமீட்டர்தான், மலாக்கா நீரிணை குறுகுற எடம் அது. அதனால நீங்க பாக்க வேண்டியது ரூப்பாட்டும் அதுக்குப் பக்கத்துல இருக்குற டுமாய் பட்டணமும், அதுவும் அங்க காலையில என்ன வானிலைங்கறது மட்டும்தான். போன்ல டுமாய்னு ஒரு ஊர சேத்து வச்சிக்குங்க, முக்கால்வாசி வேலை முடிஞ்சிது.

ஏன்னு கேட்டா, இந்தப் பருந்து ஜாதி சிறகடிச்சுப் பறக்குறத முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கும். வெயில் பட்டு தரை சூடாகி அந்தச் சூட்டுல காத்து தூண் மாதிரி மேல எழும்பும் பாருங்க, அதுக்குள்ள பூந்து சுத்திச் சுத்தி ஒசரம் ஏறிட்டு, அங்கேருந்து றெக்கைய விரிச்சபடியே அடுத்த தூண் கெடைக்கிற வரைக்கும் எறங்கிக்கிட்டே போகும், செலவு கம்மி. கடல் தண்ணி தரை மாதிரி சட்டுன்னு சூடாகாது, அங்க அந்த மாதிரி வலுவான தூணும் கெடைக்காது, அப்போ சிறகடிச்சே ஆகணும். குறுகலான எடமா பாத்து கடல தாண்டுறதும் அதனாலதான், விடிஞ்ச ஒடனே கெளம்பாததும் அதனாலதான். மார்ச்சுல நமக்கு சூரியன் வர்றதே ஏழேகால் ஏழரைக்கு, தரை சூடாக ஒன்பதரை பத்து ஆயிரும், அப்புறம் கடல தாண்ட ஒரு மணி நேரம் கிட்ட புடிக்கும், ஆக பதினோரு மணிக்கு மேல மத்தியானம் வரைக்கும்தான் நல்ல கூட்டம். காலை ஏழு மணிக்கே போய் ஒக்காந்துட்டு ஒன்னுமே இல்லையேன்னு புலம்பாதீங்க, நிதானமா ரோத்தி சானாய் சாப்பிட்டுட்டே போங்க.

நேரத்தப் பத்தி இன்னொரு விஷயம், சுமத்ரா கடிகாரம் நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது. இந்தோனேசிய வானிலைப் பக்கத்துல டுமாய்க்கு 8 மணிக்கு மழைன்னு போட்டிருந்தா நமக்கு அது 9 மணி.

இப்போ உங்க இடி மின்னல் படத்துக்கு வர்றேன். மார்ச் கடைசி, ஏப்ரல்னா பருவக்காத்து மாறுற நேரம், சாயங்காலமானா மேற்குக் கரையில எங்கயாவது ஒரு எடத்துல இடிச்சுக் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கும், ஆப்காரன் அந்த ஒரே படத்தப் போட்டு நாள் பூரா மழைன்னு நம்மள நம்ப வச்சிருவான். நம்ம நாட்டு வானிலைத் துறை மெட்மலேசியாவுல காலை, மத்தியானம், ராத்திரின்னு பிரிச்சுப் போடுறாங்க, அதப் பாருங்க. சாயங்காலம் மழைன்னா பரவால்ல, பருந்து அதுக்குள்ள கரை ஏறி உள்நாட்டுக்குப் போயிரும். காலையில டுமாய் பக்கம் மழைன்னு இருந்தாத்தான் யோசிக்கணும்.

அப்புறம் காத்து. மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்தோட மிச்சம் அடிச்சுக்கிட்டு இருக்கும், ரூப்பாட்லேருந்து நம்ம பக்கம் வர்ற பருந்துக்கு அது நேர் எதிர்காத்து. மெதுவா அடிச்சா சமாளிச்சுக்கும், பலமா அடிச்சா காத்து வேகம் கம்மியா இருக்குற தாழ்வான ஒசரத்துக்கு எறங்கி தண்ணிக்கு மேலயே தட்டுத் தடுமாறி வரும். வடமேற்குலேருந்து அடிச்சா பக்கவாட்டுல தள்ளிக்கிட்டுப் போய் முனைய விட்டு தெற்கால கரை ஏத்திரும். விண்டி மாதிரி ஆப்ல பாக்குறவங்க ஒன்ன மறக்காதீங்க, வடகிழக்குக் காத்துன்னு எழுதியிருந்தா அங்கேருந்து வருதுன்னு அர்த்தம், அங்க போகுதுன்னு இல்ல.

எந்த நாள்னு கேட்டா, ரெண்டு நாள் சுமத்ரா பக்கம் மழையும் மேகமுமா இருந்துட்டு மூணாவது நாள் காலையில பளிச்சுன்னு வெயில் அடிக்குது, காத்தும் அடங்கியிருக்குன்னா, அன்னிக்கு முடிஞ்சா லீவு போடுங்க. தடுத்து வச்ச கூட்டம் பூரா சேந்தாப்ல கெளம்பும். ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரொம்ப நல்ல வானிலைன்னா பருந்து நல்ல ஒசரத்துல வந்து சேந்து, நம்ம தலைக்கு மேல இருக்குற தூணையும் புடிச்சு, சின்னப் புள்ளியா போயிரும், பைனாகுலர் இல்லாதவங்க கழுத்து வலியோட வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் எதிர்காத்து இருக்குற நாள்லதான் மர உச்சிய ஒரசிக்கிட்டு கண்ணுக்கு நேரா வரும், அதோட கண்ணு நெறம் கூட தெரியும். பிள்ளைங்களுக்கு நான் அந்த ரெண்டாவது வகை நாளத்தான் சிபாரிசு பண்ணுவேன்.

மலேசிய இயற்கைக் கழகம் 2000-லேருந்து மார்ச்சுல நடத்துற பருந்து விழாவுக்கும் போலாம், தொலைநோக்கி வச்சிக் காட்டுவாங்க. ஆனா விழா தேதிய முன்னாடியே முடிவு பண்ணிருவாங்க இல்லையா, அன்னிக்கு டுமாய் வானம் ஒத்துழைக்கணும்.

கேள்வி: விடிகாலையில எழுந்தா கொட்டு கொட்டுன்னு கொட்டுது. போர்ட்டிக்சன் பயணத்த கேன்சல் பண்ணிரலாமா?
- வாசகர், காஜாங்

பதில்: அவசரப்படாதீங்க சார். விடியறதுக்கு முன்னாடி வர்ற மழை பெரும்பாலும் சுமத்ரா பக்கம் ராத்திரி உருவாகி நீரிணைய தாண்டி கிழக்கால ஓடி வர்ற இடிமேக வரிசை, ஏப்ரலுக்கு மேல இது அதிகம். காத்து அடிச்சு பேய் மழை பெஞ்சு ஒன்னு ரெண்டு மணி நேரத்துல தாண்டிப் போயிரும். இது நம்ம தலைக்கு மேல வந்துருச்சுன்னா சுமத்ராவ விட்டுப் போயிருச்சுன்னுதான் அர்த்தம், அங்க வானம் வெளுத்திருக்கலாம். ஹிமாவாரி செயற்கைக்கோள் படத்த எடுத்துப் பாருங்க, மேகத்துக்குப் பின்னாடி ரூப்பாட் பக்கம் காலியா இருந்தா காடிய எடுங்க. பின்னாடி வெள்ளையா போர்வை மூடுன மாதிரி மேகம் நீண்டுக்கிட்டே போனா தரை சூடாகாது, கூட்டம் மத்தியானத்துக்கு மேல தள்ளிப்போகும், இல்ல வராமலே போகும்.

மழை விஷயத்துல அஞ்சு நாள் ஏழு நாள் முன்னாடி வர்ற அறிவிப்ப நான் நம்புறதே இல்ல. நம்ம மாதிரி பூமத்திய ரேகை கிட்ட இருக்குற ஊர்ல இடிமேகம் அங்கங்க சின்னச் சின்னதா திடீர்னு உருவாகுறது, எந்தத் தாமானுக்கு மேலன்னு எந்தக் கம்ப்யூட்டராலயும் ஒரு வாரம் முன்னாடி சொல்ல முடியாது. காத்து திசைய ரெண்டு மூணு நாள் முன்னாடி நம்பலாம், மழைய அன்னிக்குக் காலையில படத்துல பாத்துக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவுல இன்னிக்கு ராத்திரி இத்தனை கோடி பறவை பறக்கும்னு ஆன்லைன்ல முன்னறிவிப்பே போடுறாங்களாமே, உண்மையா? நம்ம நாட்டுல ஏன் இல்ல?
- வாசகர், கிள்ளான்

பதில்: உண்மைதான் சார், பேரு பேர்ட்காஸ்ட். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகமும் வேற ரெண்டு பல்கலைக்கழகமும் சேந்து நடத்துறாங்க, வசந்த காலத்துக்கு மார்ச் 1-லேருந்து ஜூன் 15 வரைக்கும் போடுவாங்க. அங்க சின்னப் பறவைங்க பெரும்பாலும் ராத்திரியில இடம்பெயருது, கண்ணால எண்ண முடியாது, ஆனா மழைக்கு வச்சிருக்குற ராடார்ல மாட்டிக்கும், ஏன்னா பறவை ஒடம்புலயும் தண்ணிதானே இருக்கு, ராடார் கதிர் அதுல பட்டும் திரும்பி வரும். ரெண்டாம் உலகப்போர் காலத்துல இங்கிலாந்துல ராடார் ஆளுங்க திரையில இந்தப் புள்ளிங்கள பாத்துட்டு என்னன்னே புரியாம தேவதைன்னு பேரு வச்சிட்டாங்க, பறவைன்னு அப்புறம்தான் வெளங்குச்சு.

அமெரிக்காவுல அந்த ராடார் பதிவு 23 வருஷத்துக்கு சேந்து கெடந்துச்சு. அத எடுத்து, அந்தந்த ராத்திரி வானிலை என்ன, பறவை எவ்ளோன்னு பொருத்திப் பாத்து ஒரு கணக்கு போட்டாங்க, 2018-ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. பறவைக் கூட்டம் ஏறுறது எறங்குறதுல 81 சதவீதம் வரைக்கும் அந்தக் கணக்கால விளக்க முடிஞ்சிது, ஏழு நாள் முன்கூட்டியே சொல்லவும் முடிஞ்சிது, உச்ச ராத்திரிகள்ல 50 கோடி பறவைக்கு மேல ஒரே நேரத்துல வானத்துல இருக்குதாம். நம்ம நாட்டு ஜனத்தொகைய மாதிரி பதினாலு மடங்குக்கு மேல.

நமக்கு ஏன் இல்லன்னா, அந்தக் கணக்க அப்படியே தூக்கிட்டு வந்து இங்க வைக்க முடியாது. அங்க வானிலை விஷயங்கள்ல முக்கியமானது வெப்பநிலை. குளிர் போயி தெற்கேருந்து சூடான காத்து அடிச்சா அன்னிக்கு ராத்திரி எல்லாம் கெளம்பிரும், முதுகுல காத்து தள்ளும், போற எடத்துல பூச்சி வந்திருக்கும்னு ஒரு அடையாளமும் ஆச்சு. கோலாலம்பூர்ல தெர்மாமீட்டர பாத்து என்ன தெரிஞ்சிக்கப் போறோம், தை மாசமும் 32, சித்திரையும் 32. இங்க பேசுறது மழையும் காத்தும் மட்டும்தான். அதோட நம்ம பருந்துங்க பகல்ல பறக்குது, அங்க கணக்கு போட்டது ராத்திரிப் பறவைக்கு.

ஆனா ஒரு விஷயம் ரெண்டு ஊருக்கும் பொது. மெக்சிகோவோட யூகாத்தான்லேருந்து வளைகுடாவ ஒரே மூச்சுல தாண்டி டெக்சாஸ் கரைக்கு ஏப்ரல்ல குருவிங்க வரும், கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தண்ணி. தெற்குக் காத்து நல்லா அடிச்சா கரையில எறங்காம நேரா உள்ள போயிரும், பாக்க வந்தவங்களுக்கு மரம் காலி. வடக்கேருந்து எதிர்காத்தும் மழையும் சேந்து மோதுச்சுன்னா களைச்சுப் போயி கரையில இருக்குற மொத மரத்துலயே கொத்துக் கொத்தா விழும். அந்த ஊர் பறவை ரசிகர்ங்க அந்த மழைக்குத்தான் வானத்த பாத்துக் காத்துக் கெடப்பாங்க. பறவைக்கு கெட்ட நாள்தான் பாக்குறவனுக்கு நல்ல நாள், தஞ்சோங் துவான்லயும் கொஞ்சம் அப்படித்தான்.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தா மழைன்னு எங்க தாத்தா தோட்டத்துல சொல்லிக்கிட்டே இருப்பாரு. பறவைய வச்சி வானிலைய சொல்ல முடியாதா, நீங்க எல்லாம் தலைகீழா பண்றீங்களே?
- வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: தாத்தா சொன்னதுல விஷயம் இருக்கு. தட்டானோ தகைவிலானோ பூச்சிய தேடித்தான் பறக்குது, பூச்சி எந்த ஒசரத்துல இருக்கோ அந்த ஒசரத்துல இருக்கும். ஆனா அது அடுத்த ஒரு மணி நேரத்துக்கான சேதி, அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுக்க ஒதவாது.

கேள்வி: இந்தத் தேன்பருந்து ஜப்பான் வரைக்கும் போகுதுன்னு சொன்னாங்க. நேரா போனா பக்கம்தானே, எதுக்கு தாய்லாந்து சீனான்னு சுத்தி வளைக்கணும்?
- ஆசிரியை, பெட்டாலிங் ஜெயா

பதில்: டீச்சர், இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி, ஏன்னா முழு வருஷத்துக்கும் சேத்து வானிலை வரைஞ்ச பாதை அது. ஜப்பான் ஆராய்ச்சியாளர்ங்க, ஹிகுச்சி ஹிரோயோஷி குழு, பருந்து முதுகுல சின்ன டிரான்ஸ்மீட்டர் மாட்டி செயற்கைக்கோள் மூலமா பின்தொடர்ந்தாங்க. இலையுதிர் காலத்துல தெற்க வரும்போது ஜப்பானோட மேற்குக் கோடியிலேருந்து கிழக்குச் சீனக் கடல நேரா தாண்டிருது, அது கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் தண்ணி, நம்ம நீரிணைய மாதிரி பதினெட்டு மடங்கு. அப்புறம் சீனா, இந்தோசீனா, நம்ம தீபகற்பம் வழியா சுமத்ரா, அங்கேருந்து ஜாவா, போர்னியோன்னு பிரிஞ்சு போகும். திரும்பும்போது அந்தப் பெரிய கடல தொடுறதே இல்ல. சீனாவுல வடக்க ஏறி, கொரியா வரைக்கும் போயி, அங்கேருந்து கீழ எறங்கி ஜப்பானுக்குள்ள போகும்.

காரணம் காத்துதான். இலையுதிர் காலத்துல அந்தக் கடல் மேல பின்னாடியிருந்து தள்ளுற காத்து நெலையா கெடைக்குது, வசந்தத்துல அந்த மாதிரி நம்பி எறங்க முடியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துல கொரியா சுத்து ஒரு பெரிய செலவு, இருந்தாலும் கடல்ல விழுறதவிட மேல். வழியில தென்கிழக்கு ஆசியாவுல வாரக்கணக்குல தங்கியும் போகும், குளவிக் கூடு, தேன்கூடு ஒடைச்சுப் புழு திங்குற பறவை, அதுக்கு அவசரமே இல்லாத மாதிரி இருக்கும்.

கேள்வி: நாங்க பட்டர்வொர்த் பக்கம். தஞ்சோங் துவான் தூரம். இங்க பாக்க என்ன இருக்கு, அதுக்கும் வானிலை பாக்கணுமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே தெலுக் ஆயர் தாவார்லேருந்து கோல மூடா வரைக்கும் சேத்துக் கரை இருக்கே, அத வச்சிக்கிட்டு தஞ்சோங் துவானுக்கு ஏன் ஏங்குறீங்க. உள்ளான், உப்புக்கொத்தி, வளைஞ்ச மூக்கு கர்லூ, காட்விட்னு ஆயிரக்கணக்குல கரைப்பறவைங்க, உலகத்துலயே அபூர்வமான புள்ளிப் பச்சைக்கால் உள்ளான் கூட அங்க வரும். இங்க மொதல்ல பாக்க வேண்டியது மழை ஆப் இல்ல, பினாங்கு கடல் ஏத்த எறக்க அட்டவணை. தண்ணி நல்லா எறங்கிட்டா பறவை கண்ணுக்கெட்டாத தூரத்துல சேத்துல மேயும், ஏறிக்கிட்டு வரும்போது தண்ணியே அதுங்கள நம்ம பக்கம் தள்ளிக்கிட்டு வரும். உச்ச ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் நில்லுங்க.

வானிலை எதுக்குன்னா, கெளம்புற நாள பாக்குறதுக்கு. மார்ச் கடைசி, ஏப்ரல்ல கொழுப்பு ஏத்திக்கிட்டு தயாரா இருக்கும், அடுத்து பெரிய தங்கல் மஞ்சள் கடல் கரையோரம், அதுக்கப்புறம் சைபீரியா வரைக்கும். சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் வழக்கமில்லாம சத்தம் போட்டுக்கிட்டே எழும்பி, ஒரு வட்டம் போட்டு, வரிசை கட்டி, திரும்ப எறங்காம வடக்கால ஒசரத்துக்குப் போயிட்டே இருந்தா அதுதான் புறப்பாடு. உங்க பக்கம் சாயங்கால இடிமழை இல்லாத, தெற்கேருந்து லேசா காத்து அடிக்கிற நாளா பாருங்க. இத நான் பருந்துக் கூட்டத்தவிட மேலன்னு சொல்வேன், ஆனா என் வீட்டுலயே ஒருத்தரும் ஒத்துக்கல.

கேள்வி: வானிலை ஆப் இல்லாமலே பறவைக்கு எப்படித் தெரியுது?
- நாலாம் படிவ மாணவர், செந்தூல்

பதில்: தம்பி, எப்போ கெளம்பணுங்கற மாசத்த அதுங்க ஒடம்புக்குள்ளயே ஒரு வருஷக் கடிகாரம் சொல்லிரும், வெளிச்சமும் சூடும் மாறாத அறையில அடைச்சு வச்ச குருவிங்க கூட சீசன் வந்தா படபடன்னு துடிச்சத ஜெர்மன்காரர் எபர்ஹார்ட் குவின்னர் காட்டியிருக்காரு. நம்ம ஊர்ல தங்குற பறவைக்கு அது ரொம்ப அவசியம், ஏன்னா கோலாலம்பூர்ல வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டியான பகலுக்கும் வித்தியாசமே சுமார் 20 நிமிஷம்தான். எந்த நாள்ங்கறதத்தான் வானிலை முடிவு பண்ணுது, காத்தழுத்தம் எறங்குறதயும் சில பறவைங்க உணருது.

2014 ஏப்ரல்ல அமெரிக்காவுல டென்னசி மலையில பொன்சிறகுக் குருவிங்க சிலது, சூறாவளிப் புயல் வர்றதுக்கு ஒரு நாளுக்கும் முன்னாடியே, அப்பத்தான் வந்து எறங்குன எடத்த விட்டுட்டு தெற்கால ஓடிப் போயி, புயல் போனதும் திரும்பிருச்சு, போக வர 1,500 கிலோமீட்டர். புயலோட ரொம்பத் தாழ்ந்த ஓசை, நம்ம காதுக்குக் கேக்காதது, அதுக்குக் கேட்டிருக்கும்னு ஆராய்ச்சியாளர்ங்க ஊகிச்சாங்க. கருவியில பதிவு கெடைச்சது அஞ்சே பறவைகிட்டேருந்துதான், அதனால இத வச்சி ஸ்கூல்ல ரொம்ப அளக்காத.

கேள்வி: தூறல் போட்ட ராத்திரி எங்க கொண்டோ பத்தாவது மாடி பால்கனி கண்ணாடியில ஒரு பறவை மோதி விழுந்துருச்சு, பச்சை முதுகு, பளீர் நீலச் சிறகு, குட்டி வால். இது எங்கேருந்து வந்துச்சு, என்ன பண்ணியிருக்கணும்?
- வாசகி, பங்சார்

பதில்: நீங்க சொல்றத பாத்தா பிட்டா அக்கா, தமிழ்நாட்டுல ஆறுமணிக்குருவின்னு சொல்ற பறவையோட சொந்தக்காரன். பகல்ல காட்டுத் தரையில குதிச்சுக்கிட்டு இருக்குற பறவை, பயணம் மட்டும் ராத்திரியில. மேகம் தாழ்வா எறங்கி தூறல் போடுற ராத்திரி அதுவும் தாழ்வா பறக்கும், நட்சத்திரம் தெரியாது, நம்ம மாடி வெளிச்சம்தான் கண்ணுக்குத் தெரியும், அதச் சுத்திச் சுத்தி வந்து கண்ணாடியில மோதிரும். 2023 அக்டோபர்ல சிகாகோவுல ஏரிக்கரை கண்காட்சி மண்டபம் ஒன்னுல ஒரே ராத்திரியில கிட்டத்தட்ட ஆயிரம் பறவை செத்துச்சு, அதுவும் வானிலையும் வெளிச்சமும் சேந்து பண்ண வேலை. அதே மண்டபத்துல பல வருஷம் செத்த பறவைங்கள எண்ணிப் பாத்தவங்க, ஜன்னல் வெளிச்சத்த பாதியா கொறைச்சா சாவு 60 சதவீதம் கிட்ட கொறையும்னு கணக்கு போட்டிருந்தாங்க.

அடுத்த தடவை உசுரோட இருந்தா மெதுவா ஒரு துணியால புடிச்சு, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில விட்டு மூடி, சத்தம் இல்லாத இருட்டு எடத்துல வைங்க. தண்ணி ஊத்தாதீங்க, சோறு போடாதீங்க, பிள்ளைங்க தொறந்து தொறந்து பாக்க விடாதீங்க. ஒரு மணி நேரத்துல தெளிஞ்சிரும், அப்புறம் மரம் இருக்குற எடமா கொண்டு போயி விளக்குக்கு எட்டாத தூரத்துல விடுங்க. சிறகு தொங்குனா வனவிலங்குத் துறை பெர்ஹிலித்தானுக்கு போன் போடுங்க, வீட்டுல வச்சி வளக்குறது சட்டப்படி குத்தம். மார்ச்சுலேருந்து மே வரைக்கும், அப்புறம் திரும்ப அக்டோபர், நவம்பர், ராத்திரிக்கு மழைன்னு மெட்மலேசியா போட்டிருக்குற நாள்ல பால்கனி விளக்க அணைச்சிட்டு திரைய இழுத்து விடுங்க, கீழ கார்டுகிட்டயும் மொட்டை மாடி விளக்குக்கு சொல்லி வைங்க.